நியாயமான மனக்குறை

கோர்ட்டுக்கு நான் போவதில்லை.
கோர்ட் என் காதுக்கு வரும்.
ஹோபார்ட்டில் மூன்று நீதிபதிகள் பேசியதை
லான்செஸ்டனில், ஹீட்டர் பக்கத்தில்
காலால் மிதித்து நிறுத்தி, ஓடவிட்டு, மறுபடி நிறுத்தி
தட்டச்சு செய்வது என் பிழைப்பு.
நிமிடத்துக்கு இவ்வளவு என்று கூலி.
மௌனத்துக்கும் உண்டு.

இன்றைக்கு வந்தது ரோவன் பிக்கெட்டின் மேல்முறையீடு.
வின்யார்டு பெட்ரோல் பங்க், ஜூலை, இரவு பதினொன்றே கால்.
உள்ளே போனது டாரல் ஹைன்ட், கையில் சுத்தியல்.
வெளியே காரில் ரோவன், எஞ்சினை அணைக்காமல்.
கல்லாவோடு சேர்ந்து உடைந்தது
யூனிஸ் வார்ப் என்பவரின் வலது மணிக்கட்டு.
கிடைத்தது நானூற்றுப் பதின்மூன்று டாலர்.
பர்னி போகும் வழியில் மடியில் வைத்து எண்ணி
ஆளுக்கு இருநூற்று ஆறு.
மிச்சம் ஒரு டாலரை
நீயே வைத்துக்கொள் என்றானாம் ரோவன்.
இதில் மட்டும்
இரு தரப்புக்கும் சர்ச்சை இல்லை.

டாரலுக்கு ஒரு நீதிபதி, மார்ச்சில்.
ஒப்புக்கொண்டான். வயது இருபத்திரண்டு.
ஃபுட்பால் கோச் கடிதம் கொடுத்திருந்தார்.
இரண்டு வருடம்.
ரோவனுக்கு வேறொருவர், செப்டம்பரில்.
ஒப்புக்கொள்ளவில்லை. முப்பத்தொன்பது. பழைய வழக்கு மூன்று.
நாலரை.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு
என்று வக்கீல் சொல்லியிருக்கலாம்.
சொன்னது: நியாயமான மனக்குறை. பதினோரு முறை.
சிறையில் இருப்பவன் புலம்பினால் போதாதாம்.
எந்தப் பக்கமும் சேராத யாரோ ஒருவர்
இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்து
"அடடா, இது சரியில்லையே" என வேண்டுமாம்.

"ரோவனின் தண்டனை, தனியாகப் பார்த்தால் தவறா?"
"இல்லை."
"டாரலுடையது?"
நாலு விநாடி.
"கொஞ்சம் குறைவுதான்."
"அப்படியானால் சரியானதை வெட்டித்
தவறானதன் உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறீர்கள்."
"முழுக்க வேண்டாம், கனம் நீதிபதி அவர்களே.
பக்கத்தில் நின்றால் கூசாத அளவுக்கு."

டேப்பை நிறுத்தி டீ போட்டேன்.
ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாம்.
ஆனால் எது எவ்வளவு நேரம் ஊறியது,
எது கரையோரம் கிடந்தது,
எதை முதலில் வெயிலில் எடுத்துப் போட்டார்கள்?
குறை என்ற சொல்லையும் அப்போதுதான் கவனித்தேன்:
வருத்தமும் அதுவே, கழித்தலும் அதுவே.
குறை இருக்கிறது, ஆகவே குறை.

தீர்ப்பு, இரண்டுக்கு ஒன்று.
நாலரை, மூன்றே முக்கால் ஆகிறது.
ஒத்துப்போகாதவர் தன் காரணங்களை
இருமி இருமி வாசித்தார்.
அவர் சொன்னதிலும் எனக்குப் பிழை தட்டவில்லை.

பிறகு யாரோ: "திரை உறைந்துவிட்டது."
ரிஸ்டன் சிறையிலிருந்து வந்துகொண்டிருந்த முகம்
தீர்ப்பின் நடுவில் நின்றுபோயிருக்கிறது.
மறுபடி இணைத்தார்கள், மறுபடி வாசித்தார்கள்.
ஒன்பது மாதம் குறைந்தவன்
முதலில் கேட்டது:
"டாரலுக்குக் கூட்டிட மாட்டீங்களே?"
இல்லை. அது எங்கள் முன் இல்லை.
"அப்ப சரி."
அதன் பின்னும் ஏதோ சொன்னான்.
ஏழு முறை ஓட்டினேன், ஒலியைக் கூட்டி, வேகத்தைக் குறைத்து.
டாரல் என்றும் கேட்கிறது, டாலர் என்றும்.
(தெளிவில்லை) என்று அடித்தேன்.

கடைசிப் பதினெட்டு விநாடி நாற்காலிகள்.
பின்வரிசையில் போல, ஒரு கோட்டின் ஜிப்
பாதியில் சிக்கி, விட்டு விட்டு ஏறுகிறது,
ஒற்றைக் கையால் இழுப்பதுபோல.
யாருடையது என்று யாரும் சொல்லவில்லை.
பதிவில் எழுத வழியில்லை.
அந்தப் பதினெட்டையும் சேர்த்துத்தான் பில் போட்டேன்.